பகா எண்ணும் பகுத்தறிதலும்

கடலை நோக்கி நிற்கும் சாந்தோம் பேராலயம் இன்றைய கோதிக் வடிவில் 1896-ஆம் ஆண்டு நேர்ந்தளிக்கப்பெற்றது. அதே ஆண்டில் ஐரோப்பாவில் இரு கணித அறிஞர்கள், ஒருவரையொருவர் சாராமல், எண்ணியலின் நெடுநாள் வினா ஒன்றுக்கு விடை கண்டனர். எண்களினூடே பகா எண்கள் எவ்வளவு அடர்த்தியாகப் பரவிக் கிடக்கின்றன என்பதே அவ்வினா. ஒருவர் பிரான்சு நாட்டவரான ஜாக் அடமார். மற்றவர் பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தெ லா வாலே பூசேன். அப்போது சீனிவாச இராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்துவந்த எட்டு வயதுச் சிறுவர். பின்னாளில் நம் கடற்கரைக்கு வடக்கே துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்து, அதே வினாவைத் தாமே எழுப்பித் தாமே விடையளிக்க முயன்றவர் அவர்.

ஆலயத்தின் நேர்ந்தளிப்புக்கும் எண்ணியல் தேற்றத்துக்கும் தொடர்பு ஏதும் இல்லை. எனினும், தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்று நின்ற திருத்தூதரின் பெயரைத் தாங்கிய ஊரில் வாழும் நம்மிடம் பகா எண்களின் வரலாறு ஒரு கேள்வியைக் கேட்கிறது. உள்ளத்தில் உறுதியாகத் தோன்றுவது அனைத்தையும் உண்மை எனக் கொள்ளலாமா?

சொல்லும் பொருளும்

பள்ளிப் பிள்ளைகள் அறிந்த பாடத்திலிருந்தே தொடங்குவோம். பன்னிரண்டு பழங்களை இருவருக்கோ, மூவருக்கோ, நால்வருக்கோ, அறுவருக்கோ சமமாகப் பங்கிடலாம். எனவே 12 பகு எண். பதின்மூன்று பழங்களோ ஒருவரிடமே இருக்கவேண்டும். அல்லது பதின்மூவருக்கு ஒவ்வொன்றாகச் சேரவேண்டும். இடைப்பட்ட வழி இல்லை. எனவே 13 பகா எண். 2, 3, 5, 7, 11 முதலியன எல்லாம் இவ்வினத்தன. நூறு வரை 25 பகா எண்களும், ஆயிரம் வரை 168-உம், பத்து இலட்சம் வரை 78,498-உம் உள்ளன. போகப் போக அவை அருகுகின்றன.

ஒன்று என்னும் எண் பகாவும் அன்று, பகுவும் அன்று. காரணம் எளிது. எந்தப் பகு எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே வகையில்தான் எழுத முடியும். 12 என்பது 2×2×3, வேறில்லை. ஒன்றையும் பகா எண் என்று ஏற்றுக்கொண்டால் 1×2×2×3 என்றும் 1×1×2×2×3 என்றும் முடிவின்றி எழுதலாம். அந்த ஒருமை குலைந்துபோகும். இவ்வழக்கு நிலைபெறக் காலம் பிடித்தது. அமெரிக்கரான டெரிக் நார்மன் லெமர் 1914-இல் வெளியிட்ட, ஒரு கோடியைத் தாண்டிச் செல்லும் பகா எண் பட்டியல்கூட 1-இலிருந்தே தொடங்குகிறது.

நம் தமிழ்ச் சொற்கள் இங்கே சிந்தனைக்கு உரியவை. பகு என்னும் வேரிலிருந்தே பகுதியும், பகிர்தலும், பகுத்தறிதலும் பிறக்கின்றன. திருச்சபையில் நாம் அன்றாடம் வழங்கும் பங்கு என்னும் சொல்லையும் இவ்வேரோடு சேர்த்தே எண்ணத் தோன்றுகிறது. கூறுபடுத்தி ஆராய்வதும் கூறிட்டுக் கொடுப்பதும் நம் மொழியில் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

துறவி தந்த பட்டியல்

பகா எண்களுக்கு முடிவுண்டா? கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவின் யூக்ளிட் இதற்கு விடை தந்தார். உமக்குத் தெரிந்த பகா எண்கள் அனைத்தையும் பெருக்கி ஒன்றைக் கூட்டும். வரும் எண்ணை உம் பட்டியலிலுள்ள எதனால் வகுத்தாலும் ஒன்று மீதி நிற்கும். ஆகவே அதை வகுக்கும் பகா எண் பட்டியலுக்கு வெளியே இருந்தாக வேண்டும். 2×3×5×7×11×13 என்பதோடு ஒன்றைக் கூட்டினால் 30,031. அது பகா எண் அன்று, 59×509. ஆனால் 59-உம் 509-உம் நம் பட்டியலில் இல்லாத புதியவை. ஆறு வரிகளில் அடங்கும் இந்நிறுவலை இருபத்து மூன்று நூற்றாண்டுகளில் எவரும் அசைக்க முடியவில்லை.

பல நூற்றாண்டுகளைக் கடந்து, தூய பவோலா பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபையைச் சேர்ந்த பிரான்சு நாட்டுத் துறவி மாரின் மெர்சேனிடம் வருவோம். 1588 முதல் 1648 வரை வாழ்ந்த இவர், பாரிசில் தம் துறவு மடத்து அறையிலிருந்து ஐரோப்பிய அறிஞர் பலருக்கும் கடிதம் எழுதி, ஒருவர் கண்டதை மற்றவர்க்கு அறிவித்தவர். அறிவியல் இதழ்கள் தோன்றாத அக்காலத்தில் அவரது அறையே ஓர் இதழாக விளங்கியது எனலாம்.

இரண்டை இரண்டால் பன்முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் சில வேளை பகா எண் கிடைக்கிறது: 3, 7, 31, 127. இத்தகைய எண்களை ஆராய்ந்த மெர்சேன், 257 வரையிலான அடுக்குகளில் எவை பகா எண் தரும் என்று 1644-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67-ஆம் அடுக்கும் 257-ஆம் அடுக்கும் இடம்பெற்றன. இரண்டும் தவறு. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டன. 67-ஆம் அடுக்கு தரும் 21 இலக்க எண் பகா எண் அன்று என 1876-இல் லூக்கா என்னும் பிரெஞ்சு அறிஞர் காட்டினார். அதன் காரணிகள் 193707721, 761838257287 என 1903-இல் அமெரிக்கரான பிராங்க் கோல் கண்டறிந்தார். துறவியின் கூற்று திருத்தம்பெற இரு நூற்றாண்டுகளுக்கு மேலாயிற்று.

இருந்தும் அவ்வெண்களுக்கு இன்றும் மெர்சேன் பெயரே வழங்குகிறது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டதும், அன்றுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியதுமான பகா எண்ணும் ஒரு மெர்சேன் எண்ணே. அதன் இலக்கங்கள் மட்டும் 4 கோடியே 10 இலட்சத்துக்கு மேல். தவறு நேர்ந்ததால் அறிவுலகம் அவரைத் தள்ளிவிடவில்லை. அவர் பெயரின் மதிப்பைக் கருதித் தவறை விட்டுவைக்கவும் இல்லை.

துறைமுகத்திலிருந்து ஒரு கடிதம்

கல்லூரித் தேர்வுகளில் தோல்வியுற்று, வேலை தேடி அலைந்து, 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார் இராமானுஜன். அங்குத் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். இராமானுஜனுக்கு உற்ற துணையாக இருந்தார். 1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜின் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதம் உலகப் புகழ்பெற்றது. அக்கடிதத்தைப் போற்றுவோர் பலர் அதன் ஒரு பகுதியைப் பேசாமல் விட்டுவிடுகின்றனர். குறிப்பிட்ட எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதை ஏறக்குறையத் துல்லியமாகத் தரும் சார்பு ஒன்றைத் தாம் கண்டுவிட்டதாகவும், எண் எவ்வளவு பெரிதானாலும் பிழை மிகச் சிறியதாகவே இருக்கும் என்றும் அதில் அவர் எழுதியிருந்தார்.

அக்கூற்று தவறானது. சிறிய எண்களில் அவரது சூத்திரம் வியக்கத்தக்க வகையில் பொருந்தியது. ஆனால் பகா எண்களின் பரவலை ஆள்வது கலப்பெண்களைச் சார்ந்த ஆழ்ந்த கோட்பாடு. ஜெர்மானியரான ரீமான் 1859-இல் அதற்கு வழி திறந்தார். அடமாரும் வாலே பூசேனும் 1896-இல் அவ்வழியே சென்று வென்றனர். அக்கோட்பாடு இராமானுஜனை எட்டியிருக்கவில்லை. நூலகமும் ஆசானும் வாய்க்காத இளைஞர் தம் அகக்கண் ஒன்றையே நம்பி அவ்வளவு தொலைவு சென்றதே பெருவியப்பு. ஆயினும் அகக்கண் அங்கே பிழைத்தது.

எண்களில் கண்கூடான சான்றும் பிழைக்கலாம் என்பதை அடுத்த ஆண்டே ஹார்டியின் தோழர் லிட்டில்வுட் காட்டினார். பகா எண்களின் எண்ணிக்கையை மதிப்பிடக் கௌஸ் காலம் முதல் ஒரு சூத்திரம் வழங்கியது. கணக்கிட்டுப் பார்த்த இடமெல்லாம் அது உண்மைத் தொகையைவிடச் சற்று மிகுதியாகவே காட்டியது. என்றும் அப்படித்தான் இருக்கும் என்று கருதத் தோன்றியது. இல்லை, நிலைமை எண்ணற்ற முறை தலைகீழாகும் என்று லிட்டில்வுட் 1914-இல் நிறுவினார். இலட்சக்கணக்கான எடுத்துக்காட்டுகளும் ஒரு நிறுவலுக்கு ஈடாகா என்பது அன்று ஐயமற விளங்கியது.

பகு எண்களின் பெருமை

அதே 1914-ஆம் ஆண்டு மார்ச் 17-இல் இராமானுஜன் சென்னையிலிருந்து கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் அவர் முழுமையான நிறுவல்களோடு எழுதிய முதல் பேராய்வு பகா எண்களைப் பற்றியதன்று. பகு எண்களைப் பற்றியது. தனக்கு முற்பட்ட எவ்வெண்ணையும்விட மிகுதியான வகுத்திகளை உடைய எண்ணை மிகுபகு எண் எனலாம். 12-க்கு ஆறு வகுத்திகள். அதனினும் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்தனை இல்லை. 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என வரிசை நீளும். 60-க்கு 12 வகுத்திகள், 360-க்கு 24.

வட்டத்துக்கு 360 பாகை, மணிக்கு 60 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை, ஆண்டுச் சுற்றுக்கு 60 பெயர்கள் என்று முன்னோர் அமைத்த அளவைகளில் இவ்வெண்களே திரும்பத் திரும்ப வருகின்றன. எளிதில் பங்கிடத்தக்கவை என்பது இவற்றின் சிறப்பு. இராமானுஜன் துறைமுகக் கணக்கேட்டில் எழுதிய ரூபாய் 16 அணா. அணா 12 பை. ஆக ரூபாய்க்கு 192 பை. 192-க்கு 14 வகுத்திகள் உண்டு. மூவர் பங்கிட்டால் ஆளுக்கு 64 பை. 1957-இல் வந்த நூறு காசு ரூபாயை மூவர் பங்கிட்டால் ஒரு காசு எஞ்சும். நூறுக்கு ஒன்பது வகுத்திகளே. பகுத்துண்ணும் அறத்தை உயர்வாகப் போற்றிய வள்ளுவரை மயிலாப்பூரோடு இணைக்கும் மரபு நம்மிடையே உண்டு. அவ்வறத்துக்கு ஏற்ற எண்கள் இவையே என்று சொல்லத் தோன்றுகிறது.

இராமானுஜன் இவ்வெண்களின் உள்ளமைப்பை வெளிப்படுத்தினார். மிகுபகு எண் ஒவ்வொன்றும் 2, 3, 5, 7 என முதலிலிருந்து இடைவிடாது வரும் பகா எண்களால் ஆனது. அவற்றின் அடுக்குகள் வரவரக் குறையுமேயன்றிக் கூடா. இறுதிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றே, 4-உம் 36-உம் மட்டும் விலக்கு என்று அவர் நிறுவினார். 1915-இல் இலண்டன் கணிதக் கழகம் இதை வெளியிட்டது. கழகத்தின் பண நெருக்கடியால் ஒரு பகுதி அச்சேறாமல் நின்று, 1997-இல்தான் இதழில் வந்தது. இவ்வாய்வுக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு இளங்கலைப் பட்டம் அளித்தது. 10,080 வகுத்திகளையுடைய 6746328388800 வரை அவர் கணக்கிட்ட பட்டியலில் 293318625600 என்ற ஒரே எண் விடுபட்டுப் போனது. அதையும் பின்வந்தோர் கண்டு சேர்த்தனர்.

இலண்டன் பட்னியில் நோயுற்றிருந்த இராமானுஜனைக் காண ஹார்டி ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729 என்பது பலர் அறிந்த கதை. இரு முப்படிகளின் கூட்டலாக இரு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் உடனே சொன்னார். அவ்வெண்ணுக்கு வேறொரு தன்மையும் உண்டு. பகா எண்களைச் சோதிக்க 1640-இல் பெர்மா கண்ட விதி ஒன்று உதவுகிறது. 7 என்னும் பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் 64. அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. 7-ஆல் வகுபடாத எவ்வெண்ணை ஆறு முறை எழுதிப் பெருக்கினாலும் மீதி 1-தான். எல்லாப் பகா எண்களும் இவ்வாறே, தமக்கு ஒன்று குறைந்த அடுக்கில், இச்சோதனையில் தேறும். 1729 என்பது 7×13×19; ஐயமின்றிப் பகு எண். ஆயினும் தன்னோடு பொதுக்காரணி இல்லாத எவ்வெண்ணைக் கொண்டு சோதித்தாலும் அது பகா எண்ணைப் போலவே தேறிவிடுகிறது. ஒரு சோதனையில் தேறியதாலேயே ஒன்றை மெய்யென்று ஏற்றுவிடலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

1919-இல் தாயகம் திரும்பிய இராமானுஜன் சில காலம் நம் மயிலாப்பூர் லஸ் கோயில் சாலையில் தங்கினார். 1920 ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் இயற்கை எய்தியபோது அவருக்கு வயது 32.

பதினேழாம் எண்

அவருக்குப் பின்னும் இம்மரபு இங்கே தொடர்ந்தது. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக வளர்ந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். தொடர்ச்சியான எண்கள் சிலவற்றை எடுத்துக்கொள்க. அவற்றுள் மற்ற எதனோடும் பொதுக்காரணி இல்லாத எண் ஒன்றாவது இருக்குமா? எண்கள் பதினாறு வரையெனில், எங்கே தொடங்கினாலும் கட்டாயம் இருக்கும் என்று 1940-இல் அவர் நிறுவினார். பதினேழானால் இராது போகலாம். 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களைச் சோதித்துப் பாருங்கள். 2197 என்பது 13×13×13. அது 2184-உடன் 13-ஐப் பகிர்கிறது. 2189-உம் 2200-உம் 11-ஐப் பகிர்கின்றன. தனித்து நிற்கும் எண் ஒன்றும் இல்லை. பதினாறு வரை பொய்க்காதது பதினேழில் பொய்க்கிறது. அமெரிக்காவில் உலகக் கணித மாநாட்டுக்குச் சென்ற வழியில், 1950 ஆகஸ்டு 31-இல் கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் பிள்ளை மறைந்தார்.

இக்கால வரலாற்றில் நம் திருச்சபைக்கும் ஓர் இடம் உண்டு. பாரிசில் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்ற இயேசு சபைத் துறவி சார்லஸ் ரசீன் 1937-இல் தமிழகம் வந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பணியாற்றிய பின், 1939 முதல் கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சென்னை இலயோலாக் கல்லூரியில் கற்பித்தார். தேர்வுக்குரிய பழைய பாடங்களே கணிதம் என்றிருந்த மாணவர்க்கு, ஐரோப்பாவில் அப்போது உருவாகிக்கொண்டிருந்த புதுக் கணிதத்தையும் அதன் கண்டிப்பான நிறுவல் முறையையும் அறிமுகம் செய்தார். திறன் மிக்கவர்களை ஆய்வின் பக்கம் ஊக்கி அனுப்பினார். அவ்வாறு சென்றவர்களுள் எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்திரியும் 1965-இல் இணைந்து கண்ட தேற்றம் உலகெங்கும் அவர்கள் பெயரால் வழங்குகிறது. சேஷாத்திரி 1989-இல் தியாகராய நகரில் தொடங்கிய கணிதப் பள்ளியே இன்று சிறுசேரியில் இயங்கும் சென்னைக் கணிதக் கழகம். அருள்தந்தை ரசீன் 1976-இல் இறைவனடி சேர்ந்தார். அவர் மாணவர்களுள் பலர் கிறிஸ்தவரல்லர். அவர்களுக்கு அவர் தந்தது கணிதமே. மறைப்பணியின் வடிவங்களுள் இதுவும் ஒன்றென்பது நம் துணிபு.

அந்த நிறுவல் மரபின் ஓர் உச்சத்தை 2002 ஆகஸ்டில் நம் நாடு கண்டது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வாலும், அவர் மாணவர்களான நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் பகா எண்களைக் கண்டறியப் புதிய சோதனை ஒன்றை வகுத்தனர். அது 1729 போன்ற எந்த எண்ணாலும் ஏமாறாதது; எண் பெரிதானாலும் காலம் கட்டுக்கடங்காமல் நீளாதது; நிறுவப்படாத எந்த ஊகத்தையும் சாராதது.

தோமையாரின் கேள்வி

இராமானுஜன் தம் சூத்திரங்களை நாமகிரித் தாயார் அருளியதாக நம்பினார். அந்நம்பிக்கையை எள்ளி நகையாட நமக்கு உரிமை இல்லை. எல்லா நல்ல கொடையும் மேலிருந்தே வருகிறது என்று நம்புகிறவர்கள் நாம். ஆயினும் அவருக்குள் எழுந்த ஒளியில் மிகுபகு எண்களும் இருந்தன. பகா எண்களைப் பற்றிய தவறான சூத்திரமும் இருந்தது. இரண்டும் ஒரே உறுதியோடுதான் அவருக்குத் தோன்றின. உறுதியின் அளவைக் கொண்டு மெய்யையும் பொய்யையும் பிரிக்க இயலவில்லை. சோதனைதான் பிரித்தது. கடவுள் நம்பிக்கையற்ற ஹார்டி அந்தச் சோதனையில் அவருக்குத் துணைநின்றார் என்பதையும் நாம் நன்றியோடு நினைக்கவேண்டும்.

திருச்சபையின் ஆன்மிக மரபு இதை நெடுங்காலமாக அறியும். அனைத்தையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளும்படி தூய பவுல் தெசலோனிக்கருக்கு அறிவுறுத்தினார். உள்ளத்தில் எழும் தூண்டுதல்களைப் பகுத்தறியும் முறையைத் தூய இஞ்ஞாசியார் விதிகளாகவே வகுத்தார். ஆயினும் காட்சி கண்டேன், குரல் கேட்டேன் என்று எவரேனும் சொன்னால், ஆராயாமல் கூட்டமாகத் திரள்கிறோம். ஆராயச் சொல்பவரை விசுவாசம் குன்றியவர் என்கிறோம். பிள்ளைகளிடமும் விடையை மனப்பாடம் செய்யச் சொல்கிறோமேயன்றி, ஏன் என்று கேட்க விடுவதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை மறந்துவிடலாகாது. விசுவாசம் கணித நிறுவல் அன்று. அது ஓர் ஆளின்மேல் வைக்கும் பற்றுறுதி. அன்பை யூக்ளிடைப் போல நிறுவிக் காட்ட எவராலும் ஆகாது. காணாமலே நம்புவோரை ஆண்டவர் பேறுபெற்றோர் என்றார். ஆனால் அதைச் சொல்லுமுன் அவர் தோமையாரை அருகில் அழைத்துத் தம் காயங்களைக் காட்டினார். கேட்டதற்காக அவரைப் புறந்தள்ளவில்லை. கேட்டவரிடமிருந்தே நற்செய்தியின் மிக உயர்ந்த விசுவாச அறிக்கைகளுள் ஒன்று பிறந்தது.

ஆகவே, நம் இல்லத்துப் பிள்ளை ஒன்று, 91 பகா எண்ணா என்று ஐயுற்றால், விடையைச் சொல்லிவிட வேண்டாம். ஏழால் வகுத்துப் பார்க்கட்டும். பதின்மூன்று என வரும்போது அதன் முகத்தில் தோன்றும் ஒளி உண்மையின் மேல் கொள்ளும் மதிப்பின் தொடக்கம். அம்மதிப்பை வளர்ப்பது பள்ளிக்கு மட்டும் உரிய கடமை அன்று. தோமையாரின் பெயரால் கூடும் பங்குக்கும் உரியது.